பெர்ட்டா-மரியை 20 ஃபிரேமில் ஓட்டியது

மௌனப் படம் ஓட்டுகிறவர்களுக்குத் தீராத தலைவலி வேகம்தான். நொடிக்கு 24 ஃபிரேம் (ஃபிலிமில் உள்ள ஒவ்வொரு படச் சட்டகம்) என்பது பேசும் படம் வந்த பிறகு நிலைத்த கணக்கு. அதற்கு முன்னால் கேமராவைக் கையால் சுற்றினார்கள். 16-ம் உண்டு, 22-ம் உண்டு, ஒரே படத்தில் காட்சிக்குக் காட்சி மாறுவதும் உண்டு. அவற்றை 24-ல் ஓட்டினால் எழவு வீட்டில்கூட எல்லாரும் பஸ் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி நடப்பார்கள். சிரிப்புப் படத்துக்கு அது ஓரளவு தாங்கும். ஒரு பெண் ஒருவனைப் பார்வையாலேயே விழுத்தாட்டுகிற படத்துக்குத் தாங்காது.

அப்படிப்பட்ட படம்தான் 'வாரியட்டே'. 1925, பெர்லின், ஊஃபா என்ற ஜெர்மன் படக் கம்பெனியின் தயாரிப்பு. இயக்கம் ஈ. ஏ. டூபோன், ஒளிப்பதிவு கார்ல் ஃப்ராய்ன்ட். கதை சிறையில் தொடங்குகிறது. முதுகில் 28 என்று எண் குத்திய கைதி. அவன் முதுகைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம். எமில் யான்னிங்ஸ் முகத்தைக் காட்டாமல் முதுகாலேயே நடித்திருக்கிறார். சிறை அதிகாரியிடம் அவன் வாய் திறக்க, பழைய கதை விரிகிறது. ஒரு காலத்தில் பார் விளையாட்டில் (சர்க்கஸ் ஊஞ்சலில் தொங்கிப் பறப்பது) பேர் வாங்கிய ஹுல்லர், விபத்துக்குப் பிறகு ஹாம்பர்க் துறைமுகப் பக்கம் மட்டமான கேளிக்கைக் கொட்டகை நடத்துகிறான். மனைவி, கைக்குழந்தை. ஒருநாள் ஒரு மாலுமி, யாருமில்லாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விடுகிறான். அவளை ஏற்றிவந்த கப்பலின் பெயரையே அவளுக்கும் வைத்துவிடுகிறார்கள்: பெர்ட்டா-மரி. அவள் மேடையில் ஆடுகிறாள். கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற ஆண்கள் நிதானம் இழக்கிறார்கள். ஹுல்லரும் இழக்கிறான். குடும்பத்தை விட்டுவிட்டு அவளோடு பெர்லினுக்கு ஓடுகிறான். அங்கே பெரிய பார் ஆட்டக்காரன் ஆர்ட்டினெல்லி இருவரையும் சேர்த்துக்கொள்கிறான். விண்டர்கார்ட்டன் அரங்கில் மூவரும் ஆட்டம். பிறகு ஆர்ட்டினெல்லி அவளைத் தன் அறைக்கு இழுக்கிறான். மிச்சம் கத்திக்குத்து.

பெர்ட்டா-மரியாக நடித்தவர் ஹங்கேரியில் பிறந்த லியா டி புட்டி. இந்தப் படத்தின் பேரைக் கொண்டுதான் அவர் ஹாலிவுட்டுக்குப் போனார். 1931-ல் நியூயார்க்கில் இறந்தபோது வயது நாற்பதைத் தொடவில்லை.

எங்கள் திரைப்படச் சங்கத்துக்கு இந்தப் படத்தின் 16 எம்.எம். பிரதி, 400 அடிச் சுருள்களாக, ஒரு அமெரிக்க புரொஜக்டரோடு சேர்ந்து நன்கொடையாக வந்தது. டிஜிட்டலில் போட்டுவிட்டுப் போகலாமே என்று ஒருவர் கேட்டார். போகலாம்தான். ஆனால் பெட்டியைத் திறந்தபிறகு மெஷினைத் தொடாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

முதலில் சுருள். டப்பாவைத் திறந்ததும் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். புளிக்காடி வாடை அடித்தால் ஃபிலிமின் அசிட்டேட் அடித்தளம் அழுக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். இதில் லேசாக ஒரே ஒரு சுருளில் இருந்தது. அதை மற்றவற்றோடு வைக்காமல் தனியே எடுத்து வைத்தேன். 16 எம்.எம்.மில் ஒரு நிம்மதி, அது வீட்டுக்கும் பள்ளிக்கும் என்று பிறந்த அளவு என்பதால் தொடக்கத்திலிருந்தே எளிதில் தீப்பற்றாத ஃபிலிமில்தான் வந்தது. அந்தக் காலத்து 35 எம்.எம். என்றால் சட்டென்று தீப்பிடிக்கும் நைட்ரேட். அதை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாது.

அடுத்தது சுருக்கம். இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். 16 எம்.எம். பிரதியில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி 7.62 மில்லிமீட்டர். நூறு துளை என்றால் 762. சுருங்காத புது ஃபிலிம் ஒரு துண்டை மேஜையில் ஒட்டி, பழையதைப் பக்கத்தில் வைத்து முதல் துளையோடு துளையைப் பொருத்தினேன். நூறாவது துளையில் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தால் போதும். முழுசாக ஒரு துளை இடைவெளி விலகிவிட்டால் ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது, அந்தச் சுருளை மெஷினில் ஏற்றக் கூடாது, ஃபிலிமை இழுக்கும் சக்கரப் பல்லில் மாட்டிக் கிழியும். எங்களுடையது அரை இடைவெளிக்கும் குறைவாகவே விலகியது. இரண்டு பக்கமும் துளையுள்ள மௌனப் பிரதி, ஒலிக்கோடு இல்லை. ஒரு பக்கம் மட்டும் பல் உள்ள ஒலி புரொஜக்டரில் இது தாராளமாக ஓடும். தலைகீழாகச் செய்தால், அதாவது இருபக்கப் பல் உள்ள பழைய மௌன மெஷினில் ஒலிப் படத்தைப் போட்டால், ஒலிக்கோடு முழுக்கத் துளை விழும்.

பழைய ஒட்டுகள் பல விட்டிருந்தன. டேப்பால் மறுபடி ஒட்டினேன். ஓட்டல் நடைபாதைக் காட்சியில் ஓரிடத்தில் ஒரு கை நீளத்துக்குத் துளை கிழிந்திருந்தது; இருபுறமும் துளையுள்ள டேப் போட்டு மூடியாயிற்று.

இப்போது மெஷின். பின்னால் தகட்டில் 120 வோல்ட், 60 சைக்கிள் (மின்சாரம் நொடிக்கு எத்தனை அலை என்ற கணக்கு) என்று இருந்தது. வேகம் 24 மட்டும். மௌனப் பட வேகத்துக்கு மாற்றும் சுவிட்ச் இல்லை. முதலில் ஏமாற்றமாக இருந்தது. யோசித்தபோது அதுவே அதிர்ஷ்டமாகத் தெரிந்தது. இதில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது வோல்டேஜ் அல்ல, சைக்கிள். அமெரிக்காவில் 60, நம் ஊரில் 50. வோல்டேஜை ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் குறைக்கும்; சைக்கிளை அது தொடாது. ஆக, 60 சைக்கிளில் நொடிக்கு 24 ஃபிரேம் ஓட்டுகிற மோட்டார் 50-ல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். 24-ல் ஆறில் ஐந்து, சரியாக 20. பேசும் படத்துக்கு இது நாசம், பாட்டெல்லாம் கட்டை இறங்கிப்போகும். அதற்காகவே இந்த மாதிரி மெஷின்களில் மோட்டார் புல்லியை மாற்றுவார்கள். எனக்கோ புல்லியை மாற்றாமல் விட்டாலே போதும்.

ஆனால் சும்மா விட முடியாது. 60 சைக்கிளுக்குச் சுற்றிய மோட்டாருக்கு 50-ல் அதே 120 வோல்ட் கொடுத்தால் அது கரண்ட் அதிகமாக இழுத்துச் சூடாகும். சைக்கிள் குறைந்த விகிதத்தில் வோல்டேஜையும் குறைக்க வேண்டும்: 100 வோல்ட். வீட்டு லைனிலிருந்து வேரியாக் (வோல்டேஜைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் கருவி), அதற்குப் பிறகு 230-110 டிரான்ஸ்ஃபார்மர். வேரியாக்கை 210-ல் நிறுத்தினால் மறுபக்கம் 100 வரும். வேரியாக்கை மட்டும் வைத்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். அது லைனோடு நேரடித் தொடர்புள்ளது. புரொஜக்டர் முழுக்க இரும்பு உடம்பு, இருட்டில் கை வைத்துக்கொண்டே இருக்கப்போகிறோம். இரண்டு சுற்று தனித்தனியாக உள்ள டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் இருந்தே ஆக வேண்டும்.

100 வோல்டில் மோட்டார் குளிர்ந்து ஓடியது. பல்புதான் அழுதது. உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிற 24 வோல்ட் 20-க்கு இறங்கிவிட, வெளிச்சம் ஏறக்குறைய பாதி. ஆகவே பல்பை உள் இணைப்பிலிருந்து பிரித்து, வெளியே தனி சப்ளை கொடுத்தேன். 24 வோல்ட் 250 வாட் ஹாலஜன் பத்து ஆம்பியருக்கு மேல் குடிக்கும். எல்.இ.டி. போர்டு போடுகிறவர்கள் வாங்கும் 24 வோல்ட் 15 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (லைன் மின்சாரத்தை டி.சி. ஆக்கிக் கொடுக்கும் பெட்டி) எல்லா எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கிறது. அதில் ஒரு சிக்கல். ஹாலஜன் இழை குளிர்ந்திருக்கும்போது தடை மிகக் குறைவு. சுவிட்ச் போட்ட கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்க, எஸ்.எம்.பி.எஸ். ஷார்ட் என்று நினைத்து அணைந்து அணைந்து எரியும். வரிசையில் ஒரு என்.டி.சி. தெர்மிஸ்டர் சேர்த்தால் சரியாகிவிடும். குளிரில் கரண்டைப் பிடித்து வைத்து, சூடான பிறகு வழிவிடும். அதில் ஒரு வோல்ட் போலப் போய் பல்புக்கு 23 கிடைக்கிறது. பல்புக்கும் ஆயுள் கூடும். பழைய பல்பெல்லாம் இப்போது யானை விலை என்பதால் அந்த ஒரு வோல்ட் போனதில் வருத்தமே இல்லை.

மோட்டார் மெதுவாகச் சுற்றினால் அதே தண்டில் உள்ள காற்றாடியும் மெதுவாகத்தான் சுற்றும். பல்புக்குப் பின்னால் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று வைத்தேன். சத்தம் கொஞ்சம் வருகிறது.

பெல்ட் கல்லாகிப் போயிருந்தது. சுருளை இழுத்துச் சுற்றும் பக்கத்துக்குத் தையல் மிஷினுக்குப் போடும் வட்டத் தோல் பெல்ட்டை வெட்டிக் கொக்கி மாட்டினேன். அந்த வேலைக்கு அது எந்த ரப்பருக்கும் குறைந்ததில்லை. மோட்டார் பக்கத்துக்கு மட்டும் பாலியூரித்தேன் கயிற்றைச் சூடு காட்டி ஒட்டிப் போட்டேன், கொக்கி தட்டினால் படம் அதிரும். பழைய எண்ணெய் பிசினாகி இருந்த இடமெல்லாம் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய். கேட்டில், அதாவது லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் நின்று போகும் இடுக்கில், ஒட்டியிருந்த ஃபிலிம் பசையை ஐஸ்குச்சியால் சுரண்டினேன். இரும்பு எதையும் கேட்டில் வைக்கக் கூடாது, ஒரு கீறல் விழுந்தால் அது எல்லாச் சுருளிலும் கோடு போடும்.

இனி ஷட்டர். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. புரொஜக்டரில் ஒவ்வொரு ஃபிரேமும் நின்று, நகர்ந்து, நின்று போகிறது. நகர்கிற நேரத்தை மறைக்க ஒரு இறக்கை. அதோடு விட்டால் நொடிக்கு 24 முறைதான் வெளிச்சம் வெட்டும், கண் தாங்காது. அதனால் ஃபிரேம் நிற்கும்போதே வேண்டுமென்றே இன்னொரு தடவை மறைக்கிறார்கள். இரண்டு இறக்கை, 48 வெட்டு. இந்த மெஷினில் அந்த இரட்டை இறக்கைதான். 20 ஃபிரேமில் அது 40 வெட்டு ஆகிவிட, திரையில் வெள்ளையான இடமெல்லாம் படபடவென்று துடித்தது. மூன்று இறக்கை வைத்தால் 60. துடிப்பு காணாமல் போகும்.

லேத் கடை அண்ணனிடம் பழைய ஷட்டரைக் கொண்டுபோய் வைத்தேன்.

"என்ன சார் இது, ஃபேன் இறக்கையா?"

"இல்லண்ணே, இது காத்து குடுக்காது. வெளிச்சத்த வெட்டும்."

"வெளிச்சத்த வெட்டிட்டு அப்புறம் எப்பிடிப் படம் பாப்பீங்க?"

கேள்வி நியாயம்தான். அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில், 60 டிகிரிக்கு ஒன்றாக மூன்று இறக்கை, இடையில் 60 டிகிரி மூன்று திறப்பு என்று வரைந்து கொடுத்தேன். பாதி வெளிச்சம் போய்விடும் என்பது அவர் சொன்ன மாதிரியே உண்மை. ஒரு இறக்கை மட்டும் ஃபிலிம் நகரும் நேரத்தைச் சரியாக மூட வேண்டும். ஒரு மயிரிழை பிசகினாலும் எழுத்துக்கு மேலும் கீழும் வெள்ளைக் கோடு இழுக்கும். நடுத் துளையில் பழைய பூட்டுக் காடியை அவர் அச்சு அசலாக வெட்டிக் கொடுத்துவிட்டதால் அந்தத் தொல்லை வரவில்லை. இந்தத் தகடு நொடிக்கு 20 சுற்று, நிமிடத்துக்கு 1200. எடை ஒரு பக்கம் சாய்ந்தால் மெஷினே நடுங்கும். ஊசி மேல் வைத்துச் சமன் பார்த்து, கனமான இறக்கையின் ஓரத்தை அரத்தால் தேய்த்தார். பிறகு இரண்டு பக்கமும் பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட்.

வேகத்தைச் சோதிக்க வெறும் ஃபிலிம் நூறு அடி. 16 எம்.எம்.மில் அடிக்கு 40 ஃபிரேம், ஆக 4000. நொடிக்கு 20 என்றால் 3 நிமிடம் 20 விநாடியில் முடிய வேண்டும். கைபேசிக் கடிகாரத்தில் ஓரிரு விநாடி வித்தியாசத்தில் அதேதான் வந்தது. 400 அடிச் சுருள் 24-ல் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இதில் 13 நிமிடம் 20 விநாடி.

20 இந்தப் படத்துக்குச் சரியா? இதற்குப் படமே ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. ஊஞ்சல் எவ்வளவு வேகமாக ஆட வேண்டும் என்பதைக் கயிற்றின் நீளம்தான் தீர்மானிக்கிறது, கேமராக்காரர் அல்ல. நாலு மீட்டர் கயிறு போய்த் திரும்ப ஏறக்குறைய நாலு விநாடி. ஆள் தொங்கினால் இன்னும் கொஞ்சம் கூடும். பாரில் தொங்கும் ஆளின் உயரத்தை வைத்துக் கயிற்றை உத்தேசமாக அளந்துகொண்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். 24-ல் ஊஞ்சல் அவசரப்பட்டது. 20-ல் உச்சிக்குப் போய் ஒரு கணம் தொங்கி, பிறகு இறங்கியது. எல்லாக் காட்சிக்கும் இதே வேகம்தான் என்று சாதிக்க மாட்டேன். இந்தக் காட்சிக்கு இது பொருந்துகிறது.

அந்தத் தொங்கல்தான் படத்தின் உயிர். ஃப்ராய்ன்ட் கேமராவையே ஊஞ்சலில் ஏற்றி ஆட்டினார். கீழே கூட்டம் சாய்கிறது, மேலே விண்டர்கார்ட்டன் கூரையில் நட்சத்திரம் மாதிரி பதித்த விளக்குகள் சுழல்கின்றன. (அதே அரங்கில்தான் 1895 நவம்பரில் ஸ்க்ளடனோவ்ஸ்கி சகோதரர்கள் தங்கள் நகரும் படத்தைக் காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து அரங்கம் போய்விட்டது.) ஹுல்லர் பிடிக்கிறவன், ஆர்ட்டினெல்லி பறக்கிறவன். மனைவியை விட்டு எவளுக்காக வந்தானோ அவளைத் தன்னிடமிருந்து பறித்தவனின் மணிக்கட்டு ஒவ்வொரு இரவும் ஹுல்லரின் கைக்குள் வந்து விழுகிறது. கையை விட்டால் என்ன என்று அவன் நினைத்துப் பார்ப்பதைப் படம் நமக்குக் காட்டியும் விடுகிறது. 24-ல் இது ஒரு சர்க்கஸ் ஐட்டம். 20-ல் அந்த உச்சித் தொங்கலில் பார்க்கிறவருக்கும் யோசிக்க நேரம் இருக்கிறது.

லியா டி புட்டி விஷயமும் அதேதான். இந்த மாதிரிப் பாத்திரங்களை நாம் 'வாம்ப்' (ஆணை மயக்கிக் கெடுக்கிறவள்) என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். 24-ல் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறாள்: கண்ணை உருட்டுகிறாள், தோளை வெட்டுகிறாள், ஆண் விழுந்துவிடுகிறான். 20-ல் பார்வைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் கிடைக்கின்றன. ஆர்ட்டினெல்லியின் அறையிலிருந்து திரும்பிவந்து, ஹுல்லரிடம் எதுவுமே நடக்காதது போலச் சிரிக்கும் முன்னால் அவள் முகம் ஒரு வினாடி காலியாக இருக்கிறது. அவசரத்தில் அந்த வினாடி முழுசாகத் தொலைந்துபோகிறது. மயக்குகிறவளா, யார் கையில் கிடைத்தாலும் பிழைத்தாக வேண்டியவளா என்ற சந்தேகமே அந்த வினாடியில்தான் வருகிறது. ஆட்டத்தை ஆடியவர் அவர்தான், ஆனால் அவரை வாம்ப் ஆக்குவதில் ஓட்டுகிறவன் கைக்கும் பங்கு உண்டு.

வெட்டுகிறவன் கைக்கு இன்னும் பெரிய பங்கு. எங்கள் பிரதியில் சிறைக் காட்சி முடிந்ததும் கதை நேராக பெர்லினுக்குப் போய்விடுகிறது. ஹாம்பர்க் இல்லை. கொட்டகை இல்லை, விட்டுவந்த மனைவி இல்லை, கப்பல் பெயர் இல்லை, அவள் தனியாக மேடையில் ஆடும் ஆட்டமும் இல்லை. இது நன்கொடையாளர் வீட்டில் தொலைந்ததல்ல. 1926-ல் அமெரிக்காவில் பாரமவுண்ட் வெளியிட்டபோது பரவலாக ஓடியது இந்த வெட்டுப்பட்ட வடிவம்தான். குடும்பத்தை விட்டு ஓடியவன் மேல் கூட்டத்துக்கு இரக்கம் வரக் கூடாது, அல்லது அப்படி ஓடியதே கூட்டத்துக்குத் தெரியக் கூடாது என்று நினைத்திருப்பார்கள். முன்கதையை நீக்கிவிட்டால் பெர்ட்டா-மரி ஹுல்லரின் மனைவி ஆகிவிடுகிறாள். அவன் ஏமாற்றப்பட்ட புருஷன், அவள் துரோகி. ஒரு சட்டகம்கூடப் புதிதாக எடுக்காமல் கதையின் நியாயம் முழுக்க அவள் தலைக்கு மாறிவிடுகிறது. அவளைக் கெட்டவளாக்கியது தணிக்கை மனசுதான், டூபோன் அல்ல என்பது என் கட்சி.

அதனால் திரையிடலில் ஒரு ஒட்டுவேலை செய்தோம். 2015-ல் பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட, மீட்டெடுத்த பதிப்பு வட்டில் கிடைக்கிறது. முதல் சுருளில் சிறைக் காட்சி முடிகிற இடத்தில் புரொஜக்டரை நிறுத்தி, ஹாம்பர்க் பகுதியை மட்டும் டிஜிட்டலில் போட்டு, மறுபடி ஃபிலிமுக்கு வந்தோம். மூன்று இறக்கை ஷட்டர் வெளிச்சத்தைத் தின்றுவிட்டதால் டிஜிட்டல் கண்ணைக் கூசும், எல்.சி.டி. புரொஜக்டரை வெளிச்சம் குறைந்த சிக்கன முறையில் வைத்து, லென்ஸுக்கு முன்னால் கறுத்த ஃபில்டர் ஒன்று பிடித்தோம். திரையின் அகலத்தையும் ஏழு அடிக்குக் குறைத்தேன். பல்பை அணைக்காமல் ஃபிலிமை மட்டும் நிறுத்தினால் அந்த ஃபிரேம் வெந்துவிடும் என்பதால் மோட்டார் சுவிட்சுக்கும் பல்பு சுவிட்சுக்கும் ஒரே இரட்டை ரிலே போட்டிருக்கிறேன்.

காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளைச் சங்கத்துத் தோழர் ஒருவர் திரையோரம் நின்று தமிழில் சொன்னார். 20 ஃபிரேமில் அதற்கும் நேரம் கிடைத்தது. காப்பிக் கடை மேஜையில் யாரோ கிறுக்கிவைத்த கேலிப் படத்தைப் பார்த்து ஹுல்லருக்கு விஷயம் தெரிகிற இடத்தில் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கொலை நடக்கும்போது இருவரும் ஃபிரேமுக்குக் கீழே விழுந்து, கத்தி பிடித்த கை மட்டும் தெரிந்து, பிறகு ஹுல்லர் ஒருவன் மட்டும் எழுகிற இடத்தில் அரங்கில் யாரும் இருமக்கூட இல்லை. பெர்ட்டா-மரி அவன் காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் இழுபட்டு உருளும்போது முன்வரிசையில் ஒரு அம்மா "ஐயோ, விடுடா அவள" என்றார்.

மீதி வேலைகள்: கம்ப்யூட்டர் ஃபேனின் சத்தத்துக்கு ரப்பர் வாஷர் போட வேண்டும். கீழ் லூப் (கேட்டுக்குக் கீழே ஃபிலிமைத் தொய்வாக விடும் வளைவு) மூன்றாவது சுருளில் இரண்டு முறை விட்டுப்போனது, அதில் ஒட்டுகள் தடிப்பாக இருக்கின்றன. டேப்பை உரித்து மறுபடி ஒட்டுவேன். பேசும் படம் ஓட்ட வேண்டி வந்தால் 24 ஃபிரேம் வரும்படி, ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக ஒரு மோட்டார் புல்லி கடைந்து வைத்திருக்கிறேன், பழைய இரட்டை இறக்கை ஷட்டரும் உறையில் போட்டு மெஷின் மூடிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. புல்லியை மட்டும் மாற்றினால் வெளிச்சம் வீணாகும், ஷட்டரை மட்டும் மாற்றினால் துடிப்பு திரும்பிவரும்.